சிவகொழுந்தின் சுடுதரை

ஆகஸ்ட் மாதம், வெள்ளிக்கிழமை மதியம். குவைத்தின் மங்காஃபில் வெளியே நாற்பத்தெட்டு டிகிரி. ரோட்டைக் கடப்பதற்குள் செருப்பின் அடி இளகுகிற வெயில். அப்படிப்பட்ட நேரத்தில் ஐந்தாம் மாடி ஃபிளாட் ஒன்றுக்குள் நான்கு பேர் உட்கார்ந்துகொண்டு, ஒரு வீட்டின் தரையை எப்படிச் சூடாக்குவது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பைத்தியம் என்று நீங்கள் சொல்லலாம். கதையைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

சண்டை சிவகொழுந்தின் வீட்டுத் தரையைப் பற்றி. அந்த வீடு குவைத்தில் இல்லை. இலங்கை மலைநாட்டில், நுவரெலியாவுக்கு மேலே பத்துப் பேர்ச், அதாவது ஆறு சென்ட் காணியில், சுவர் எழும்பி, கூரையும் ஏறி, தரை மட்டும் போடாமல் நின்றது. சிவகொழுந்துக்கு வயது நாற்பத்தொன்பது. தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். பத்தொன்பது வருடமாகக் குவைத்தில் வீட்டு வேலை. கல்யாணம் என்று ஒன்று நடந்து எட்டே மாதத்தில் முடிந்தது. அதைப் பற்றி அவள் பேசுவதில்லை, நாமும் விட்டுவிடுவோம். வாரத்தில் வெள்ளிக்கிழமை அவளுக்கு லீவு. மிஷ்ரிஃபில் அவள் வேலை செய்யும் வீட்டு டிரைவர் காலையில் கொண்டுவந்து மங்காஃபில் இறக்கிவிட்டால், சாயங்காலம் வரை அவள் ராணி.

அவள் வந்து இறங்கும் ஃபிளாட் செல்வநாயகத்தினுடையது. கன்னியாகுமரிக் கடற்கரைக்காரர், இருபத்திரண்டு வருடமாகக் குவைத்தில் பிளம்பர். மனைவி சுகிர்தராணி கிளினிக்கில் நர்ஸ். சர்க்கரை பார்க்க வந்த வீட்டுக்கார மேடத்தோடு துணைக்கு வந்த சிவகொழுந்தை, தமிழ் பேசுகிறாளே என்று வீட்டுக்குக் கூப்பிட்டவள் அவள்தான். அன்றிலிருந்து சிவகொழுந்துக்கு அவள் சிஸ்டர். அந்த ஃபிளாட்டின் ஓர் அறையில் வாடகைக்கு இருப்பவன் மார்க்கண்டு. யாழ்ப்பாணத்துக்காரன், எலெக்ட்ரீஷியன். ஒரு பிளம்பரையும் ஒரு எலெக்ட்ரீஷியனையும் ஒரே கூரையின் கீழ் வைத்துவிட்டு அபிப்பிராயம் கேட்டால் என்ன ஆகும் என்று சிவகொழுந்து யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

தரைக்குள் சூடு என்பது அவள் கனவில் கண்ட விஷயமில்லை. மேடத்தின் புது வீட்டில் இருக்கிறது. குவைத் என்றால் வருடம் முழுக்க வெயில் என்று ஊரில் நினைப்பார்கள். ஜனவரியில் ஒரு நாள் விடிகாலை அங்கே வெறுங்காலோடு பளிங்குத் தரையில் நின்று பார்த்தால்தான் தெரியும். மேடம் அதற்காக டைல்ஸுக்கு அடியில் கரண்ட் கம்பி போட்டிருந்தார். சுவரில் ஒரு பொத்தானைத் தட்டினால் அரை மணி நேரத்தில் தரை இதமாகிவிடும். காலை ஐந்து மணிக்குத் தரை துடைக்க வரும் சிவகொழுந்துக்கு, ரொட்டிக்கல்லை இப்போதுதான் எடுத்த இடத்தில் கால் வைத்தது போல இருக்கும். பத்தொன்பது வருடமாகத் தரை துடைக்கிறவள் அவள். பளிங்கு, டைல்ஸ், பலகை என்று எல்லாம் பார்த்தவள். தரையைப் பற்றி அவளுக்கு யாரும் பாடம் எடுக்க முடியாது.

ஆனால் அவளுக்குச் சுடுதரை வேண்டும் என்பதற்கு உண்மையான காரணம் வேறு. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் தை மாதம், ஆறு வார லீவில் ஊருக்குப் போனாள். ஒன்பதாம் நாள் திரும்பி வந்துவிட்டாள். மேடம் அவசரமாகக் கூப்பிட்டுவிட்டார் என்று தம்பியிடம் சொன்னாள். ஊரில் ஒரே மழை என்று மேடத்திடம் சொன்னாள். இரண்டும் பொய். அவளை விரட்டியது தரை. தம்பி வீட்டுச் சிமெண்டுத் தரையில் கால் வைத்த இரண்டாம் நாளே விரல்கள் சிவந்து வீங்கின. அரிப்பும் எரிச்சலும் பிடுங்கித் தின்றன. மூன்று ஜோடி காலுறை போட்டுக்கொண்டு வாத்து மாதிரி நடந்தாள். பத்து வயதில் அதே குளிரில் செருப்பில்லாமல் மலை ஏறிய கால்கள்தான் அவை. பதினேழு வருட வெக்கை அவற்றைக் கெடுத்து வைத்திருந்தது. பிறந்த ஊரிலேயே நிற்க முடியாத கால்களை வைத்துக்கொண்டு எந்த முகத்தோடு அதை வெளியே சொல்வது?

இப்போது மேடம் புது ஒப்பந்தத் தாளை எடுத்து நீட்டியிருந்தார். இன்னும் இரண்டு வருடம் இருக்கிறாயா, அல்லது கலாஸா, இதோடு முடிந்ததா? நவம்பரில் விசா முடிகிறது. அக்டோபர் கடைசிக்குள் பதில் வேண்டும். தரை சூடானால் சிவகொழுந்து ஊருக்குப் போவாள். சூடாகாவிட்டால் கையெழுத்துப் போடுவாள். அந்த இரண்டு வருடத்துக்குப் பிறகு இன்னும் இரண்டு, அதற்குப் பிறகு இன்னும் இரண்டு என்று முட்டி தேயும் வரை அடுத்தவர் தரையையே துடைப்பாள். அவளைப் பொறுத்தவரை விஷயம் அவ்வளவுதான்.

ஊரில் வீடு கட்டுகிற கொத்தன், எல்லோரும் மேசன் பாஸ் என்று கூப்பிடும் அழகுமலை, கெடு வைத்துவிட்டான். செப்டம்பர் பத்தாம் தேதி தரை போடுவான். கம்பியோ குழாயோ, எது வேண்டுமானாலும் அதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும். சிமெண்டு ஊற்றினால் ஊற்றினதுதான்.

"தண்ணிதான் தங்கச்சி," என்றார் செல்வநாயகம், கேள்வி முடிவதற்குள். "தரைக்குள்ள வளைச்சு வளைச்சுக் குழாயப் போடணும், அதுல சுடுதண்ணிய ஓட விடணும். ஐம்பது வருசத்துக்கு அசையாது, கேட்டியா."

மார்க்கண்டு சோற்றுத் தட்டிலிருந்து தலையைத் தூக்கினான். ஐம்பது வருடத்தில் ஒரு நாள் குழாய் வெடித்தால் அக்கா தரையை உடைத்துத் தேடுவாவோ என்று கேட்டான். கரண்ட் கம்பி என்றால் விரல் கனம்கூட இல்லை, விரித்துவிட்டு மேலே டைல்ஸை ஒட்டினால் வேலை முடிந்தது, மேடம் வீட்டிலும் அதுதானே இருக்கிறது என்றான்.

மேடத்துக்குக் குவைத் கரண்ட், இவளுக்குச் சிலோன் கரண்ட் என்றார் செல்வநாயகம். ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் கரண்ட் இல்லாமல் கிடந்த நாடுதானே என்று இழுத்தார். நாட்டைச் சொன்னதும் மார்க்கண்டுக்கு ரோசம் வந்துவிட்டது. அது அப்போது, இப்போது இல்லை என்றான். செல்வநாயகம் பொருத்திய குளியலறைக் குழாய் மூன்று மாதமாகச் சொட்டுவதை நினைவுபடுத்தினான். ஹாலில் அவன் மாட்டிய விளக்கு கண் சிமிட்டுவதை அவர் நினைவுபடுத்தினார். பேச்சு சிவகொழுந்தின் தரையை விட்டுவிட்டு வீடு முழுக்கச் சுற்றியது.

"ரெண்டு பேரும் சேந்து இந்த வீட்டயே இன்னும் சரி பண்ணல," என்றாள் சுகிர்தராணி. "நீங்க நுவரெலியாவுக்கு வீடு கட்டப் போறீங்களாக்கும்." ரசத்தை எடுத்து வைத்துவிட்டுத் தூங்கப் போனாள்.

இப்படியே மூன்று வெள்ளிக்கிழமைகள் ஓடின. செல்வநாயகம் சொல்லும்போது சிவகொழுந்து தண்ணீர்க் கட்சி. மார்க்கண்டு சொல்லும்போது கரண்ட் கட்சி. ஆறு நாளும் மிஷ்ரிஃபில் பாத்திரம் கழுவும்போது இரண்டையும் மனதுக்குள் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பாள். கடைசியில் அவளே ஒரு முடிவுக்கு வந்தாள். வாய்ப்பேச்சு போதும், இரண்டு பேரும் செய்து காட்டுங்கள், நான் ஏறி நின்று பார்க்கிறேன் என்றாள். வேலை தெரிந்த ஆண்பிள்ளைகளிடம் அப்படிச் சொல்லிப் பாருங்கள். அடுத்த வாரம் வரை இருவரும் ஒருவருக்கொருவர் குட் மார்னிங்கூடச் சொல்லிக்கொள்ளவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை அவள் வந்தபோது ஹாலில் நடுங்கும் குளிர். ஏசியைப் பதினாறில் வைத்து, ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, நுவரெலியாவை வரவழைத்திருந்தார்கள். சர்ச்சில் காலைப் பூசைக்குப் போய் வந்த சுகிர்தராணி சோபாவில் போர்வையைச் சுற்றிக்கொண்டு, வெளியே ஆட்கள் வெயிலில் சுருண்டு விழுகிறார்கள், இங்கே எனக்கு ஜலதோஷம் பிடிக்கப் போகிறது என்று புலம்பினாள். நடு ஹாலில் இரண்டு துண்டுத் தரைகள். ஒன்று செல்வநாயகம் சைட்டில் மிச்சமான குழாயை வளைத்து வைத்துச் சிமெண்டு ஊற்றி, டைல்ஸ் ஒட்டிக் கொண்டுவந்தது. இரண்டாவது மார்க்கண்டுவினுடையது, கம்பி விரித்த பலகை, மேலே டைல்ஸ், பக்கத்தில் விளக்கு மினுக்கும் ஒரு சின்னப் பெட்டி. அந்தப் பெட்டி அறையின் குளிரைத் தானே பார்த்துத் தானே சூடாக்கிக்கொள்ளும் என்றான். அதை அவன் நல்ல இடம் பார்த்து ஜன்னலோரம் மாட்டியிருந்தான்.

முதலில் மார்க்கண்டுவின் முறை. சிவகொழுந்து செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்றாள். ஐந்து நிமிடம் ஆயிற்று, பத்து நிமிடம் ஆயிற்று, கால் சில்லென்றுதான் இருந்தது. மார்க்கண்டு பெட்டியைத் தட்டினான், குலுக்கினான், நல்ல வார்த்தையும் சொல்லிப் பார்த்தான். திரைக்குப் பின்னால் கண்ணாடி கொதித்துக்கொண்டிருந்ததால் பெட்டி நாற்பத்தொன்று என்று காட்டியது. அது புத்திசாலி மெஷின். ஆகஸ்ட் மாதம் குவைத்தில் தரைக்குச் சூடு வேண்டாம் என்று அந்த வீட்டில் அது ஒன்றுக்காவது தெரிந்திருந்தது.

"கொஞ்சம் பொறுங்கோ அக்கா, செட்டிங்கில ஒரு சின்னப் பிழை," என்றான் மார்க்கண்டு. செல்வநாயகம் பொறுக்கவில்லை. குளியலறைக் குழாயிலிருந்து ஒரு ஹோஸைக் கொண்டுவந்து தன் துண்டுத் தரையில் சொருகினார். மறுமுனையிலிருந்து இன்னொரு ஹோஸைத் திருப்பிக் குளியலறைக்கே விட்டார். குழாயைத் திறந்தார். சிவகொழுந்து இங்கிருந்து அங்கே தாண்டி நின்றாள்.

ஐந்தே நிமிடம். குதிகாலில் ஆரம்பித்துச் சூடு மெல்ல ஏறியது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். தை மாதம், அவளுடைய சொந்த அடுப்பங்கரை, காலுறை இல்லாத கால். கண்ணைத் திறக்கவே மனம் வரவில்லை.

"ஹீட்டர் எத்தனையில வச்சீங்கண்ணே?"

"ஹீட்டரே போடல தங்கச்சி! நேரா டேங்க் தண்ணி!" செல்வநாயகம் நெஞ்சை நிமிர்த்தினார்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். குவைத்தில் கோடை வந்துவிட்டால் மொட்டைமாடித் தொட்டி காய்ந்து, நீலக் குழாயைத் திறந்தால் தேத்தண்ணி போடுகிற சூட்டில் தண்ணீர் வரும். குளிப்பதற்குக் குளிர்ந்த தண்ணீர் வேண்டுமென்றால், அணைத்துப் போட்ட ஹீட்டருக்குள் நிழலில் கிடக்கிற தண்ணீரைச் சிவப்புக் குழாயில் பிடிப்பார்கள். நீலம் என்றால் சூடு, சிவப்பு என்றால் குளிர். வருடத்தில் ஐந்து மாதம் அங்கே உலகம் அப்படித்தான். பழகிப்போனதால் யாருக்கும் அது விசித்திரமாகத் தெரியாது. அந்த நான்கு பேருக்கும் அன்று தெரியவில்லை.

ஹீட்டரும் வேண்டாம், கரண்டும் வேண்டாம், கூரை மேலே ஒரு கறுப்புத் தொட்டி போதும். தண்ணீர் வெயிலில் தானே சுட்டுக்கொண்டு, தரைக்குள் தானே ஓடும். இவ்வளவு லேசான விஷயத்துக்கா ஒரு மாதம் அடித்துக்கொண்டோம் என்று எல்லோரும் வியந்தார்கள். மார்க்கண்டுகூட, தோற்ற முகத்தோடு, தொட்டியைத் தெற்குப் பார்த்து வைத்தால் நல்லது என்று யோசனை சொன்னான். செல்வநாயகம் கிளினிக் காலண்டரின் பின்பக்கத்தில் பிளான் வரைந்தார். சிவகொழுந்து அதைப் படம் எடுத்து, அழகுமலை பாஸுக்கு நான்கு நிமிட வாய்ஸ் மெசேஜோடு அனுப்பினாள். அன்று சாயங்காலம் கார் ஏறும்போது அவளுக்குக் கால் தரையில் படவில்லை.

பதில் செவ்வாய்க்கிழமை வந்தது. மேடத்தின் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டே போனைக் காதில் வைத்தாள்.

"அக்கா, நான் ஒண்ணு கேட்டா கோவிச்சுக்காதீங்க," என்றது அழகுமலையின் குரல். "டேங்க்குத் தண்ணி எப்புடிக்கா சூடாகும்? நம்ம ஊருல வெள்ளன டேப்பத் தொறந்தா பல்லு கிட்டுது. அதத் தரைக்குள்ள ஓட விட்டா வீடு ஐஸ் பெட்டியாயிரும். மீனு வாங்கி வச்சுக்கலாம்."

சிவகொழுந்துக்குச் சிரிப்பு பீறிட்டு வந்தது. வெங்காயத்தைப் போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மேடம் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். மீன் வைத்துக்கொள்ளலாமாம், படவா. சிரித்துச் சிரித்து ஓய்ந்த பிறகு மெசேஜை இன்னொரு தரம் போட்டுக் கேட்டாள்.

பிளம்பர் கன்னியாகுமரிக்காரர். எலெக்ட்ரீஷியன் யாழ்ப்பாணத்தான். அவர்கள் குளிரைக் கண்டார்களா? ஆனால் இவள்? விடிகாலை ஐந்து மணிக்குத் தண்ணீர் பிடிக்கத் தோட்டத்துப் பீலிக்கரையில் வரிசையில் நின்று, குடத்தைத் தூக்கும்போது சிந்துகிற தண்ணீருக்குப் பயந்து கழுத்தை ஒடுக்கியவள் ஆயிற்றே. தன் ஊர்த் தண்ணீர் குளிரும் என்பதையே எப்படி மறந்தாள்? கால்தான் ஊரை மறந்துவிட்டது என்று நினைத்திருந்தாள். இப்போது பார்த்தால் தலையும் மறந்திருக்கிறது. அவளுக்குப் பயமாக இருந்தது. இன்னும் இரண்டு வருடம் இருந்தால் மிச்சம் என்னென்ன மறக்கும் என்று நினைத்தாள். மேலே வெங்காயம் உரித்தாள். கண்ணைத் துடைத்தாலும் யாரும் கேட்க மாட்டார்கள்.

வெள்ளிக்கிழமை அந்த மெசேஜை ஹாலில் எல்லோருக்கும் போட்டுக் காட்டினாள். செல்வநாயகத்தின் முகத்தில் அசடு வழிந்தது. டம்ளரைக் கீழே வைக்கவும் தோன்றாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். மார்க்கண்டு இந்த வாய்ப்பை விடுவானா? மீன் என்றதும் கடற்கரைக்காரருக்குத் தோதுதானே, மீன்பெட்டி செய்து பழகின கை என்று ஆரம்பித்தான். தொட்டியைத் தெற்குப் பார்த்து வைக்கச் சொன்னது யார் என்று சுகிர்தராணி கேட்டதும் அடங்கினான்.

பிறகு அவள் சிவகொழுந்தைப் பார்த்தாள். நர்ஸுகள் பார்ப்பார்களே, நாடி பிடிக்கிற மாதிரி, அப்படி. "கொழுந்தக்கா, ஊருல எல்லாரும் அந்தத் தரையிலதானே இருக்காங்க. ஒங்களுக்கு மட்டும் ஏன் சூடு?"

சிவகொழுந்து கால் விரல்களைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"போன தடவ மேடம் என்னய கூப்புடல சிஸ்டர். நாந்தான் ஓடியாந்தேன். என் ஊருத் தரையில என்னால நிக்க முடியல."

ஒன்பது நாளையும் சொன்னாள். வீங்கின விரல்களையும் மூன்று காலுறையையும் இரண்டு பொய்யையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். முழுப் பூசணிக்காயை இரண்டு வருடம் சோற்றில் மறைத்து வைத்திருந்தவள், அன்று தட்டையே கவிழ்த்துவிட்டாள். ஒப்பந்தத் தாளைப் பற்றியும் சொன்னாள். செல்வநாயகமும் மார்க்கண்டுவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிளம்பர் ஜெயிப்பதா, எலெக்ட்ரீஷியன் ஜெயிப்பதா என்று ஒரு மாதமாகச் சண்டை போட்டவர்களுக்கு, பந்தயத்தில் வைத்திருந்தது இவளுடைய கால் என்று அப்போதுதான் தெரிந்தது. வெட்கமாக இருந்தது. இருக்க வேண்டியதுதான்.

சுகிர்தராணி மட்டும் கேள்வியை விடவில்லை. "அந்த ஒம்பது நாளும் கால எங்க வச்சுக்கிட்டிருந்தீங்க?"

"அடுப்படியிலதான். வேற எங்க? நம்ம வீடுகள்ல அடுப்பு அணையாதே. காலையில தேத்தண்ணிக்கு மூட்டினா ராவு வரைக்கும் கங்கு இருக்கும். அடுப்புக்கு முன்னாடி பலகையப் போட்டுக் கால நீட்டிக்கிட்டே..."

சொல்லிக்கொண்டே வந்தவள் நின்றாள். செல்வநாயகம் டம்ளரைக் கீழே வைத்தார்.

"லேய் மார்க்கண்டு, பேப்பர எடு."

அதற்குப் பிறகு நடந்ததை ஊர் கூடித் தேர் இழுத்ததாகத்தான் சொல்ல வேண்டும். தண்ணீரா, கரண்டா என்று கேட்டதே தப்பு. விறகு என்று ஒன்று இருப்பதை நான்கு பேரும் மறந்திருந்தார்கள். அடுப்பின் பின்சுவருக்குள் ஒரு செப்புக் குழாய்ச் சுருள். கங்கின் சூட்டில் அதற்குள் தண்ணீர் காயும். காய்ந்த தண்ணீர் தரைக்குள் போய்ச் சுற்றிவிட்டு மறுபடி அடுப்புக்கு வரும். சூடு மேலேதான் ஏறும், தானாகக் கீழே தரைக்கு இறங்காது என்று செல்வநாயகம் தலையைச் சொறிந்தபோது, தண்ணீரைத் தள்ளிவிட ஒரு குட்டிப் பம்பு போதும் அண்ணை, ஒரு பல்புக்கு எரிகிற கரண்டுதான், கரண்ட் போனாலும் பேட்டரியில் ஓடும் என்றான் மார்க்கண்டு. ஆக அவன் கட்சியும் பிழைத்தது. கொதித்து ஆவி வந்தால் சுருள் வெடிக்கக் கூடாது என்பதற்காக மேலே வாய் திறந்த ஒரு சின்னத் தொட்டியும் அதற்கு ஒரு குழாயும் கட்டாயம் வேண்டும் என்று செல்வநாயகம் பிடிவாதமாகச் சிவப்பு மையில் வரைந்தார். வீடு முழுக்க வேண்டாம், அடுப்படியும் அதை ஒட்டின படுக்கையறையும் போதும் என்றாள் சிவகொழுந்து.

பிளான் இந்த முறை அழகுமலைக்குப் போனபோது ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. "இது நடக்கும்க்கா. ஆனா இத நீங்க மொதல்லயே என்கிட்டக் கேட்டிருந்தா..." மிச்சத்தை அவள் கேட்கவில்லை. கொத்தனுக்கு ஒரு பேச்சு ஜாஸ்தியாகத்தான் இருக்கும்.

செப்டம்பர் பத்தாம் தேதி தரை ஊற்றினார்கள். சிமெண்டு முழுசாகக் காயாமல் சூடு ஏற்றினால் வெடித்துப்போகும், இருபத்தெட்டு நாளைக்கு அடுப்பைத் தொடக் கூடாது என்று செல்வநாயகம் உத்தரவு போட்டார். நுவரெலியா ஈரத்தில் இருபத்தெட்டு எப்படிக் காணும், நாற்பது நாள் ஆகட்டும் என்றான் அழகுமலை. ஊர்க் குளிரை இந்த முறை யாரும் குறைத்து மதிப்பிடவில்லை. பம்பைக் கண்டியில் வாங்கி, மார்க்கண்டு போனில் சொல்லச் சொல்ல மாட்டினார்கள். மேடம் இரண்டு தடவை தாளைப் பற்றி விசாரித்தார். இரண்டு தடவையும் சிவகொழுந்து, இன்ஷா அல்லாஹ், இந்த மாதக் கடைசி என்றாள்.

அக்டோபர் கடைசி வெள்ளிக்கிழமை, மங்காஃப் ஹாலில் நான்கு பேரும் ஒரே போன் திரைக்குள் தலையை நுழைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். திரையில் நுவரெலியா. வெளியே சாரல். கதவு இன்னும் மாட்டாத அடுப்படி. காலையிலேயே அடுப்பை மூட்டியிருந்தான் அழகுமலை. பம்பு முனகுகிற சத்தம் கேட்டது.

சூடு வந்துவிட்டதா என்று கேட்டாள் சிவகொழுந்து. அவன் குனிந்து உள்ளங்கையைத் தரையில் வைத்தான். வலக்கையை வைத்தான், இடக்கையை வைத்தான். "தெரியலக்கா," என்றான். "என் கை சிமெண்டுல ஊறின கை. நெருப்பத் தொட்டாத்தான் தெரியும்."

கன்னத்தை வைத்துப் பார் என்றார் செல்வநாயகம். அவன் மாட்டேன் என்றான். மேலே போட்ட சிவப்புப் பூச்சு கன்னத்தில் ஒட்டுமாம். காலை வைத்துப் பார் என்றான் மார்க்கண்டு. அவன் காலில் கம் பூட்ஸ். கழற்றி மாட்டினால் அரை நாள் போய்விடும் என்றான். குழாயில் காற்று அடைத்திருக்குமோ என்று செல்வநாயகம் நகத்தைக் கடித்தார். ஒப்பந்தத் தாள் சிவகொழுந்தின் கைப்பையில் இருந்தது. பேனாவும் இருந்தது.

அப்போது திரையின் ஓரத்தில் ஒரு நாய் தெரிந்தது. செம்பட்டை நிறத்தில், மழையில் நனைந்து விலா எலும்பு தெரிய, எந்த வீட்டுக்கும் சொந்தமில்லாத நாய். வாசலில் நின்று எட்டிப் பார்த்தது. ஒரு காலை உள்ளே வைத்தது. நின்றது. இன்னொரு காலையும் வைத்தது. பிறகு மோந்துகொண்டே நடந்து வந்து, அடுப்படிக்கு நடுவில் மூன்று சுற்றுச் சுற்றி, பொத்தென்று படுத்துக்கொண்டது.

"ச்சீ, எந்திரி," என்றான் அழகுமலை. அது எழவில்லை. வயிற்றைத் தரையோடு ஒட்டவைத்து, மோவாயையும் தரையில் வைத்து, கண்ணை மூடியது.

நடந்து களைத்திருக்கும், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்றான் மார்க்கண்டு. சோதனை என்றால் முறையாக இருக்க வேண்டும் என்றான். அவன் சொற்படி அழகுமலை பையிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்துச் சூடில்லாத முன்னறையில் போட்டான். நாய் ஒரு கண்ணைத் திறந்தது. பிஸ்கட்டைப் பார்த்தது. கழுத்தை மட்டும் நீட்டிப் பார்த்தது, எட்டவில்லை. கண்ணை மூடிக்கொண்டது.

துடைப்பத்தை எடுத்து அவன் ஒருமுறை விரட்டியும் பார்த்தான். வாசல் வரை போய்ச் சாரலில் உடம்பை உதறியது. திரும்பி வந்து, பிஸ்கட்டைத் தாண்டி, அதே இடத்தில் அதே மூன்று சுற்றுச் சுற்றிப் படுத்துக்கொண்டது. நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாலும் அது வாலைக் குழைத்துக்கொண்டு தெருவுக்குத்தான் போகும் என்பார்கள். அப்படிச் சொன்னவர்கள் வீட்டில் தரை குளிர்ந்து கிடந்திருக்கும்.

"அத வெரட்டாத தம்பி," என்றாள் சிவகொழுந்து. "நான் வர்ற வரைக்கும் அது படுத்துக்கட்டும்."

மார்க்கண்டு அதற்கு மேல் சோதனை கேட்கவில்லை. செல்வநாயகம் எழுந்துபோய், ஆறு மாதமாகச் சொட்டிக்கொண்டிருந்த குளியலறைக் குழாயை ஏனோ அப்போது கழற்ற ஆரம்பித்தார். சுகிர்தராணி சிவகொழுந்தின் முதுகில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திரையில் நாய் குறட்டை விட்டது.

சாயங்காலம் மிஷ்ரிஃபுக்குத் திரும்பியதும், உடை மாற்றக்கூடப் போகாமல், நேராக மேடத்திடம் போய்த் தாளை மேசைமேல் வைத்தாள். மேடம் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். கையெழுத்து இல்லை.

"போன தடவை ஒன்பது நாளில் ஓடி வந்தாயே," என்றார் மேடம் அரபியில். மழை என்ற பொய்யை அவர் ஒருநாளும் நம்பியிருக்கவில்லை போலிருக்கிறது. "அங்கே போய் எப்படி இருப்பாய்?"

சிவகொழுந்து தனக்குத் தெரிந்த அரபியில் சொன்னாள். "இந்தத் தடவை எனக்கு முன்னாடியே ஒருத்தன் போய் அங்கே படுத்துட்டான், மேடம். எழுப்பினாலும் எழும்ப மாட்டேங்கிறான்."

மேடத்தின் கண் அகன்றது. சிவகொழுந்து அவசரமாகப் போனை எடுத்து அழகுமலை அனுப்பிய படத்தைக் காட்டினாள். மேடம் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தார். சிவப்புத் தரை, அடுப்பு, நடுவில் காலை நீட்டிப்போட்ட ஒரு செம்பட்டை நாய். கரண்டா, தண்ணீரா என்று கேட்டார். விறகு என்றாள் சிவகொழுந்து. மேடம் சிரிக்கவில்லை. படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு தாளை இரண்டாக மடித்து இழுப்பறைக்குள் போட்டுவிட்டு, டிக்கெட் எந்தத் தேதிக்கு வேண்டும் என்று கேட்டார்.